குடத்தில் நின்ற நீர்

ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில், கென்யா நாட்டின் வடபகுதியை ஒட்டி லாமு என்னும் சிறு தீவு உள்ளது. பவளக்கல்லால் கட்டிய வீடுகளும், எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒடுங்கிய தெருக்களும், சுமை சுமக்கும் கழுதைகளும் நிறைந்த பழைய துறைமுக ஊர் அது. 2004ஆம் ஆண்டில் அங்கு மழை பொய்த்தது. வெயில் வழக்கத்தினும் கடுமையாக இருந்தது. தண்ணீர் அரிதாகும்போது உலகின் எப்பகுதி மக்களும் செய்வதையே லாமு மக்களும் செய்தனர். கிடைத்த நீரைத் தொட்டிகளிலும் பானைகளிலும் சேர்த்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவழித்தனர். கலங்கள் அடிக்கடி கழுவப்படவில்லை. கழுவுவதற்கு நீர் ஏது?

அவ்வாண்டின் நடுப்பகுதியில் தீவு முழுவதும் காய்ச்சல் பரவியது. மணிக்கட்டும் முழங்காலும் கணுக்காலும் வீங்கின. நிமிர்ந்து நடக்க இயலாமல் மக்கள் கூனிப்போயினர். தான்சானியாவில் 1952ஆம் ஆண்டில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய்க்கு மக்கொண்டே மொழியில் வழங்கிய பெயரே சிக்குன்குனியா. வளைந்துபோதல் என்பது அதன் பொருள். பின்னர் குருதியை ஆய்ந்து பார்த்தபோது, தீவு மக்களில் நான்கில் மூன்று பங்கினரை அந்நோய் தொற்றியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. வறட்சியும் மிகுவெப்பமும், வீடுகளில் மாற்றப்படாமல் நின்ற நீரும் சேர்ந்தே நோய்க்கு வழிவகுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

லாமுவோடு அது நிற்கவில்லை. மொம்பாசாவுக்கும், அங்கிருந்து கொமொரோ தீவுகளுக்கும், தமிழ் வழியினர் பலர் வாழும் ரீயூனியன் தீவுக்கும் சென்றது. ரீயூனியனில் மட்டும் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் கரையை அடைந்தது. மறு ஆண்டில் ஆந்திரம், கருநாடகம், மகாராட்டிரம், தமிழகம் எனப் பரவி நாடு முழுவதும் 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை வாட்டியது. 2006ஆம் ஆண்டில் தமிழகச் சிற்றூர்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த பாட்டிகளுக்கும், நாற்று நடக் குனிய முடியாமல் கூலி இழந்த பெண்களுக்கும் லாமு என்னும் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவர்கள் பட்ட துன்பத்தின் கதை, இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், மழை பெய்யாத ஒரு பருவத்தில் தொடங்கியிருந்தது.

மழை பெய்தால் கொசு பெருகும், கொசு பெருகினால் காய்ச்சல் வரும் என்பது பொதுவாக எல்லோரும் அறிந்த கணக்கு. அது பொய்யன்று, ஆனால் பாதிக்கணக்கு. மற்றொரு பாதியை லாமு சொல்கிறது. காலநிலை மாற்றத்தால் மழையும் வறட்சியும் தம் பழைய அளவையும் முறையையும் இழந்துவரும் இக்காலத்தில், விட்டுப்போன அந்தப் பாதியையும் சேர்த்து எண்ணாத எந்த நோய்த்தடுப்பும் பயன் தராது.

வெயிலும் நாட்கணக்கும்

தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட, புவியின் சராசரி வெப்பம் 2011-2020 என்னும் பத்தாண்டில் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஒரு பாகை என்பது மனித உடலுக்குப் பெரிதாகத் தோன்றாது. சித்திரை வெயிலில் 40 பாகையைத் தாங்கும் ஊர்க்காரருக்கு 41 பாகை என்ன புதுமை? கொசுவின் வாழ்க்கையோ வேறு அளவுகோலால் அளக்கப்படுவது. அதன் உடலுக்குத் தனக்கென ஒரு வெப்பம் இல்லை. சுற்றியிருக்கும் காற்றின் வெப்பமே அதன் வெப்பம். எனவே சிறு உயர்வும் அதன் வளர்ச்சியை விரைவுபடுத்தும்.

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு, நோயாளி ஒருவரைக் கடித்த உடனே அடுத்தவருக்கு நோயைத் தந்துவிடுவதில்லை. குருதியோடு உட்சென்ற வைரசு அதன் குடலில் பெருகி, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். டெங்கு வைரசுக்கு இப்பயணம் 25 முதல் 28 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 8 முதல் 12 நாள் பிடிக்கும். வெப்பம் மிகுந்தால் நாள் குறையும். கொசுவின் வாழ்நாளே சில வாரங்கள்தாம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த நாட்கணக்கின் பொருள் விளங்கும்.

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். நாள்தோறும் பத்தில் ஒரு கொசு இறப்பதாகக் கொள்வோர், நூறு கொசுக்களில் 12 நாளுக்குப் பின் உயிரோடு எஞ்சுபவை ஏறத்தாழ 28 எனக் காண்பர். எட்டே நாள் எனில் எஞ்சுபவை 43. கொசுக்களின் தொகை கூடவில்லை. தெருவில் குப்பை கூடவில்லை. மக்களின் பழக்கமும் மாறவில்லை. நான்கு நாள் குறைந்ததனால் மட்டும் நோய் பரப்பவல்ல கொசுக்கள் ஒன்றரை மடங்காகிவிட்டன. இத்தகைய பெருக்கம் கண்ணுக்குத் தெரியாது. தெருவில் கொசு குறைவாகத்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் வெயில் ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போகும் என முடிவுகட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு நோய்க்கும் உகந்த வெப்பம் உண்டு. மலேரியாப் பரவல் 25 பாகையை ஒட்டியும், ஏடிஸ் எஜிப்டி வழிப்பட்ட டெங்குப் பரவல் 29 பாகையை ஒட்டியும் உச்சம் அடையும் என ஆய்வுகள் கணித்துள்ளன. அதற்குமேல் வெப்பம் மிகுந்தால் கொசுவும் வாடும். ஆகவே, ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் சமவெளியில் கடுங்கோடை சில வாரங்களுக்கு நோயைத் தணிக்கக்கூடும். இதுவரை குளிரே காவலாக நின்ற மலைநாடுகளில்தான் கதவு புதிதாகத் திறக்கிறது. நேபாளத்தில் டெங்கு முதன்முதலாகப் பதிவானது 2004ஆம் ஆண்டில். பதினெட்டே ஆண்டுகளில், 2022இல், அந்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் டெங்குவால் நோயுற்றனர். கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் உயரத்தில் உள்ள காத்மாண்டுப் பள்ளத்தாக்கும் தப்பவில்லை. பயணமும் வணிகமும் நகர்ப்பெருக்கமும் இதற்குத் துணைசெய்தன என்பது உண்மையே. ஆனால் குளிர் முன்போல் இருந்திருந்தால், வண்டியேறிவந்த கொசு அங்கே குடும்பம் நடத்தியிராது.

மலேரியாவின் கதை நேர்மாறானது. 1897ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். நோய்க்கும் கொசுவுக்குமான உறவை உலகுக்கு மெய்ப்பித்த அவ்வாராய்ச்சி 1902இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான மலேரியா நோயாளிகள் 20 இலட்சத்திற்கும் மேல். 2022இல் 2 இலட்சத்திற்கும் குறைவு. இந்த இருபத்திரண்டு ஆண்டுகளிலும் வெப்பம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மருந்து தோய்த்த கொசுவலையும், ஊர்தோறும் குருதி ஆய்வும், உடனடிச் சிகிச்சையும் வெப்பத்தை வென்றன. எனவே, காய்ச்சல் பெருகும்போதெல்லாம் காலநிலையைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கைகட்டி நிற்கும் பொறுப்பாளரின் விளக்கத்தை ஏற்க வேண்டியதில்லை. காலநிலை சுமையைக் கூட்டுகிறது. அதைச் சுமக்கும் முறை மனிதர் கையில் இருக்கிறது.

குடத்தைக் குறை சொல்லலாமா?

மழைக்காலம் தொடங்கியதும் தமிழக நகரங்களில் வழக்கமான ஒரு காட்சி தொடங்கும். தெருவில் புகை இயந்திரம் இரைச்சலோடு வரும், குழந்தைகள் அதன் பின்னே ஓடுவர், வெண்புகை சூழும், அரைமணியில் கலையும். மறுபுறம், வீடு வீடாகச் சென்று தொட்டிகளை ஆராய்ந்து, கொசுப்புழு கண்ட வீட்டாருக்கு அபராதம் விதிப்பர். இரண்டனுள் முதலாவது பெரும்பாலும் காட்சிக்கே உரியது. ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிப்பது. வீட்டுக்குள் துணிமடிப்பிலும் கட்டிலடியிலும் இருண்ட மூலையிலும் தங்குவது. மாலையில் தெருவில் அடிக்கும் புகை அதனை எட்டுவது அரிது. எட்டினாலும் தொட்டியில் நெளியும் புழுவை அது ஒன்றும் செய்யாது. நோய் கண்ட வீட்டின் உள்ளும் புறமும் உடனடியாக மருந்து தெளிப்பதற்கு இடம் உண்டு. அதனை ஊர்வலமாக மாற்றியதில்தான் பிழை.

வீட்டுத் தொட்டியை ஆராய்வது உண்மையிலேயே பயனுள்ள பணி. இக்கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. குடம், பீப்பாய், தரைத்தொட்டி, பூச்சாடித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பழைய டயர், உடைந்த ஆட்டுக்கல் என மனிதர் வைத்த தெளிந்த நீரையே நாடுகிறது. நீரின் மேல்விளிம்பை ஒட்டிய கலத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கிறது. நீர் வற்றினாலும் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் தொட்டதும் பொரிக்கின்றன. எனவே கலத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாவதற்கு வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்தால் அந்தச் சங்கிலி அறும்.

இவ்வளவும் சரி. ஆனால் வாரம் ஒருமுறை கலத்தைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்லும் அறிவுரை, நாள்தோறும் குழாயில் நீர் வரும் வீட்டுக்கு எழுதப்பட்டது. மூன்று நாளுக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோ நீர் வரும் தெருவில், பின்னிரவில் எழுந்து வரிசையில் நின்று பிடித்த குடத்தைக் கொட்டிக் கவிழ்க்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவள் அறியாமையால் நீரைச் சேர்த்து வைக்கவில்லை. அனுபவத்தால் சேர்த்து வைக்கிறாள். அவளுக்கு அபராதச் சீட்டு நீட்டுவோர், நீர் வராத குழாய்க்கு யாரிடம் சீட்டு நீட்டுவது என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்னை இதற்கு நல்ல சான்று. 2015 திசம்பரில் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டு வெடித்துக் கிடந்தன. அவ்வாண்டு சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் ஏற்றி வரப்பட்டது. தண்ணீர் லாரிக்காகத் தெருக்களில் பச்சையும் நீலமும் சிவப்புமாகக் குடங்கள் வரிசைகட்டி நின்ற படங்களை உலகமே பார்த்தது. செய்தியாளர் அக்குடங்களில் தாகத்தைக் கண்டனர். பூச்சியியல் அறிந்த ஒருவர் அவற்றில் வேறொன்றையும் கண்டிருப்பார்.

இது வெறும் ஊகமன்று. பிரேசில் நாட்டில் 2001 முதல் 2019 வரையிலான டெங்குப் பதிவுகளையும் வானிலைப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, மிகுமழைக்குப் பின் மூன்று மாதங்களுக்குள்ளும், கடும் வறட்சிக்குப் பின் மூன்று முதல் ஐந்து மாதங்கள் கழித்தும் டெங்கு இடர் உயர்வதைக் காட்டியது. வறட்சியின் விளைவு, நீர்வழங்கல் அடிக்கடி தடைப்படும் பகுதிகளில் மிகுதியாக இருந்தது என்பதே அவ்வாய்வின் உயிர்நாடி. வானம் பொய்ப்பது ஒன்றாயினும், குழாய் பொய்க்கும் தெருவில்தான் அது நோயாக மாறுகிறது. அவ்வகையில், மூடியுள்ள நல்ல குழாயில் நாள்தோறும் வரும் நீர், எந்தப் புகை இயந்திரத்தினும் சிறந்த கொசு ஒழிப்புக் கருவி. பொறியாளர் அலுவலகத்தில் முடிவாகும் ஒரு குழாய்த் திட்டத்தை நலவாழ்வுத் துறையின் செலவாக எவரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

நகரின் மேல்நிலைத் தொட்டிகளும் கிணறுகளும் வேறொரு கொசுவை வளர்க்கின்றன. அனாபிலிசு இசுட்டீபன்சி என்னும் அது மலேரியாவைப் பரப்புவது. அதன் இனத்துப் பிற கொசுக்கள் ஊர்ப்புறத்தை நாட, இதுமட்டும் நகரத்துத் தொட்டிகளுக்குப் பழகிக்கொண்டது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக நலவாழ்வு நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் மன்னார்த் தீவில் இந்தக் கொசு இருப்பது கண்டறியப்பட்டது. நோயை விரட்டிய நாட்டின் வாயிலில் நோய் கடத்தும் நுளம்பு வந்து நின்றது. அதன்பின்னும் இலங்கை தன் நிலையை இழக்காமல் காத்துவருவதற்குக் காரணம், நோய் போய்விட்டதே என்று கண்காணிப்பை அந்நாடு கலைத்துவிடாததுதான்.

புதரும் வளையும்

அகப்பொருள் இலக்கணம் மேல்நிலை மாணவருக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்து வரும் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். பொழுது மாறினால் அதனைச் சார்ந்தவையும் மாறும் என்பது அவ்வமைப்பில் உள்ளடங்கிய எண்ணம். இலக்கணம் செய்யுளுக்காக வகுக்கப்பட்டது, நோயியலுக்காக அன்று. எனினும் உண்ணியும் எலியும் தத்தம் நிலத்தின் கருப்பொருள்களே. கொசுவுக்குச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஒரே வகையில் பொருந்தாது.

கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் க்யாசனூர் என்றொரு காடு. 1957ஆம் ஆண்டில் அங்கே குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அடுத்துக் காட்டோர மக்கள் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். குரங்குக் காய்ச்சல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. குரங்கின்மேல் இதில் பழியில்லை. அதுவும் மனிதரைப் போல் நோயுற்று இறப்பதே. நோயைக் கடத்துவது காட்டுச் சருகில் வாழும் உண்ணி. உலர்பருவத்தில் இளம் உண்ணிகள் பெருகும் மாதங்களே நோயின் மாதங்கள். நெடுங்காலம் அம்மாவட்டத்தையும் அதன் அண்டைப் பகுதிகளையும் தாண்டாதிருந்த இந்நோயின் தடயங்கள், 2012க்குப் பின் நீலகிரி, வயநாடு, கோவா, மகாராட்டிரத்தின் தென்கோடி எனத் தொலைவிடங்களிலும் காணப்பட்டன. இங்கே மாறிவரும் காலநிலையைக் காட்டிலும், காடு துண்டாடப்பட்டதும், காட்டுக்குள் கால்நடை புகுந்ததும், மக்கள் குடியேறியதுமே முதற்காரணங்களாகத் தெரிகின்றன. ஒவ்வொரு நோய்க்கும் ஒரே காரணத்தை ஓட்டவைப்பது அறிவியல் ஆகாது.

தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் எனப்படுவது வேறு நோய். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில், புல்லிலும் புதரிலும் இருக்கும் மிக நுண்ணிய சிற்றுண்ணியின் இளம் பருவம் மனிதரைக் கடிப்பதால் வருவது. எலிகளின் உடலில் ஒட்டி வாழ்வதால், எலி பெருகிய இடத்தில் அதுவும் பெருகும். விறகு பொறுக்குவோர், ஆடு மேய்ப்போர், களையெடுப்போர் ஆகியோரே பெரிதும் இதற்கு இலக்காகின்றனர். கடித்த இடத்தில் நெருப்புச் சுட்டாற்போன்ற கறுப்பு வடு தோன்றும். வலியோ அரிப்போ பெரும்பாலும் இராது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் மறைந்திருக்கும் அந்த வடுவைத் தேடிப் பார்க்கும் மருத்துவர் கையில் நோயாளி பிழைத்துக்கொள்வார். டாக்சிசைக்கிளின் என்னும் விலை குறைந்த மருந்தே பெரும்பாலும் போதும். வைரசுக் காய்ச்சல்தானே எனக் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பப்பட்டவருக்கு நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் தாக்குண்டு உயிரே போகலாம். டெங்குவின் பெயர் செய்தித்தாளில் நாள்தோறும் வருகிறது. இந்நோயின் பெயரோ நோயுற்றவர் வீட்டாருக்கே பல வேளைகளில் தெரிவதில்லை. ஏழைத் தொழிலாளரின் காய்ச்சலுக்குப் பெயரிடக்கூட எவரும் முனைவதில்லை என்பது வருந்தத்தக்கது.

எலிக்காய்ச்சல் வெள்ளத்தோடு வரும் விருந்தாளி. எலியின் சிறுநீரில் வெளியாகும் லெப்டோசுபைரா என்னும் நுண்ணுயிரி சேற்றிலும் தேங்கிய நீரிலும் பிழைத்திருந்து, காலில் உள்ள சிறு புண்ணின் வழியே உடலுள் புகும். நீர் புகுந்ததும் வளையைவிட்டு வெளியேறும் எலியும், வீட்டைவிட்டு வெளியேறும் மனிதரும் ஒரே மேட்டு நிலத்தைத் தேடிச் செல்கின்றனர். 2018 ஆகத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, நீர் வடிந்தபின் இந்நோய் தலைதூக்கியது. அம்மாநில நலவாழ்வுத் துறை அதனை எதிர்பார்த்திருந்தது. மீட்புப் பணியாளருக்கும், சேறு அள்ளித் துப்புரவு செய்தோருக்கும் தடுப்பு மருந்தாக டாக்சிசைக்கிளின் வழங்கியது. உயிரிழப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் நோய் வந்தபின் தேடாமல், வெள்ளத்தைக் கண்டதுமே மருந்தை எடுத்து வைத்த அந்த முன்னறிவு பின்பற்றத்தக்கது.

நாட்காட்டியும் காய்ச்சலும்

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநலவாழ்வுச் சட்டம் இந்நாட்டில் இத்துறையில் எழுந்த முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று. கொசு உற்பத்திக்கு இடமாகும் நீர்நிலைகளைப் பற்றி அன்றே அதில் தனிப் பகுதி இடம்பெற்றது. பொதுநலவாழ்வுக்கெனத் தனித் துறையும் பணியாளர் அமைப்பும் கொண்ட மாநிலம் என்னும் பெருமை தமிழகத்துக்கு உண்டு. இத்தகைய அமைப்பு பல மாநிலங்களில் இல்லை. எனவே இங்கு குறையாக இருப்பது சட்டமும் துறையும் அல்ல. அவை இயங்கும் காலக்கணக்கு.

அக்காலக்கணக்கு பழைய பருவத்தை நம்பி வகுக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆகவே புரட்டாசியில் ஆயத்தம். மார்கழி கழிந்தால் ஓய்வு. ஆனால் இன்று ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டுகிறது. பின் நாற்பது நாள் வானம் வெறிச்சோடுகிறது. கோடையில் எதிர்பாராத மழை வருகிறது. டெங்கு ஆண்டின் எல்லா மாதங்களிலும் பதிவாகிறது. நாட்காட்டி ஓரிடத்தில் நிற்க, காய்ச்சல் வேறிடத்துக்குப் போய்விட்டது.

செய்யத்தக்கவை புதிரானவை அல்ல. வானிலை ஆய்வு மையத்தின் மழை, வெப்பப் பதிவுகளும், மருத்துவமனைகளின் காய்ச்சல் பதிவுகளும், எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விடப்படுகிறது என்னும் குடிநீர் வாரியத்தின் பதிவும் ஒரே மேசைக்கு வர வேண்டும். மூன்றும் இன்று மூன்று அலுவலகங்களில் தனித்தனியே உறங்குகின்றன. நீர் வழங்கல் நாட்கள் குறைக்கப்படும் கோடையிலேயே, அத்தெருக்களில் கொசுப்புழு ஆய்வு கூட்டப்பட வேண்டும். பீப்பாய்க்கும் தொட்டிக்கும் கொசு புகாத மூடியும் வலையும் அபராதத்துக்கு முன்பே வழங்கப்பட வேண்டும். கால்நடை மருத்துவரும் வனத்துறையினரும் மருத்துவமனையோடு பேச வேண்டும். காட்டில் குரங்கு இறந்த செய்தி ஊரில் காய்ச்சல் வருவதற்கு முன்பே மருத்துவரை எட்ட வேண்டும்.

ஆய்வகங்களும் சும்மா இருக்கவில்லை. உவல்பாக்கியா என்னும் நுண்ணுயிரி உடலில் குடிகொண்ட ஏடிஸ் கொசுக்கள் டெங்குவை எளிதில் கடத்துவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் அத்தகைய கொசுக்களை விட்டுப் பார்த்த ஆய்வில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இவ்வகைக் கொசுக்களை உருவாக்கியுள்ளது. நம்பிக்கை தரும் வழி இது. ஆனால் இது டெங்குவுக்கும் அதனைப் போன்ற சில வைரசு நோய்களுக்கும் உரிய மருந்து. எலிக்கும் உண்ணிக்கும் மன்னார் வரை சென்ற மலேரியாக் கொசுவுக்கும் இதில் விடையில்லை. வங்கதேசத்தில் 2023ஆம் ஆண்டு டெங்குவால் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தகைய ஓராண்டை எதிர்கொள்ளும் நகரம், ஆய்வகம் தரும் விடைக்காகக் காத்திருக்க முடியாது.

வீடுதோறும் சென்று தொட்டியைப் பார்ப்பவர் பெரும்பாலும் அதே நகரின் எளிய குடியிருப்பைச் சேர்ந்த பெண்தான். கையில் மின்விளக்கு, தோளில் மருந்துப் பை, சுவரில் ஒட்டிய தாளில் தேதியிட்டுக் கையொப்பம். நாளொன்றுக்கு எத்தனையோ மாடிப்படிகள். பல ஊர்களில் அவர் நாட்கூலிக்கு அமர்த்தப்படும் தற்காலிகப் பணியாளர்; காய்ச்சல் செய்தியானால் ஆள் சேர்ப்பு, செய்தி அடங்கினால் ஆள் குறைப்பு. எந்த வீட்டில் மேல்தொட்டிக்கு மூடியில்லை, எந்தச் சந்தில் லாரித் தண்ணீரைப் பத்து நாள் வைத்திருப்பார்கள், எந்தக் கடையின் பின்புறம் டயர் குவிந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் இல்லை. அவருடைய நினைவில் இருக்கிறது. பங்குனியில் அவரை நிறுத்திவிட்டு, ஐப்பசியில் புதியவர் ஒருவரை அமர்த்தும்போது அந்த அறிவு முழுவதும் வீணாகிறது. இடைப்பட்ட கோடையில், அவர் பார்க்காத குடங்களின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கறுத்த பொடிபோல் முட்டைகள் உலர்ந்து ஒட்டியிருக்கின்றன.